இரண்டு மரத்தையும் தொட்ட கயிறு

எனக்குப் பேச வராது. ஊமை இல்லை. பேச வேண்டிய நேரத்தில் வராது, அவ்வளவுதான். பஸ்ஸில் என் நிறுத்தம் வந்ததும் கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்து யாராவது இறங்குகிற இடத்தில் சேர்ந்து இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வந்திருக்கிறேன். ஓட்டலில் தோசை சொல்லி இட்லி வந்தால் இட்லியைத் தின்றுவிட்டு எழுந்துவிடுவேன். (இப்போது என் கூட வருகிறவள் சும்மா இருப்பதில்லை. அதனால் தோசை கிடைக்கிறது.)

இப்பேர்ப்பட்ட நான் ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி மட்டும் மூச்சு விடாமல் ஐந்து நிமிடம் பேசுவேன். நைலான் கயிறு. அந்த ஐந்து நிமிடத்தை ஒருநாள் ஊரே கூடியிருந்த இடத்தில் பேசித் தொலைத்தேன். என் கல்யாணம் அன்றைக்கு அந்தக் கயிற்றில்தான் தொங்கியது.

எழுபதுகளின் கடைசி. பத்தாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு சங்கரன்கோவில் ரத வீதிப் பக்கம் ஒரு இரும்புக்கடையில் வேலைக்கு நின்றேன். ஆணி, மண்வெட்டி, வாளி, கிணற்று உருளை, கூடவே தேங்காய் நார்க் கயிறும் விற்போம். ஒருநாள் மதுரையிலிருந்து கழுத்தில் டை கட்டிய கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். பையிலிருந்து செருப்பு வார் தண்டிக்கு ஒரு வெள்ளைக் கயிற்றை எடுத்து, ஒரு ஆணிச் சாக்கைக் கட்டி, கடை உத்தரத்தில் தொங்கவிட்டார். "இதுக்குக் கீழ தைரியமா நிக்கலாம்" என்றார். முதலாளி நிற்கவில்லை. என்னை நிற்கச் சொன்னார். நின்றேன். (மாட்டேன் என்று சொல்லக் கூச்சம்.) சாக்கு விழவில்லை. அந்த நிமிடம் எனக்கு நைலான் மீது ஒரு பக்தி வந்துவிட்டது.

ஆகாய விமானத்திலிருந்து குதிக்கிறவன் நம்பித் தொங்குகிற நூல் இதுதான், தூத்துக்குடிக் கடலில் வலையாகக் கிடப்பதும் இதுதான், லாரி டயருக்குள் ரப்பரோடு ரப்பராக இருப்பதும் இதுதான் என்று அவர் சொல்லச் சொல்ல, முதலாளி மூன்று சுருள் எடுத்துவிட்டார். சுண்டுவிரல் தண்டியில் இரண்டு, கட்டைவிரல் தண்டியில் ஒன்று. எடுத்த பிறகுதான் தெரிந்தது, சீண்ட ஆள் இல்லை. மேலநீலிதநல்லூர், திருவேங்கடம் பக்கத்து விவசாயச் சம்சாரிகள் வருவார்கள், விரலில் உருட்டிப் பார்ப்பார்கள், மோந்துகூடப் பார்ப்பார்கள். "என்னய்யா இது, பாம்பச் சீவி எடுத்த மாதிரி வழுவழுங்குது" என்று வைத்துவிட்டு நார்க் கயிறு வாங்கிப் போவார்கள்.

விற்கிற பொறுப்பை முதலாளி என் தலையில் கட்டினார். எனக்கோ பேச வராது. நல்லவேளையாக கம்பெனி ஆள் ஒரு நோட்டீஸ் கொடுத்திருந்தார். ஒரு பக்கம் தமிழ். அதை அப்படியே மனப்பாடம் செய்தேன். தண்ணீர் குடிக்காது, அதனால் நனைந்தாலும் கனக்காது. மட்காது. கரையான் தொடாது. நார்க் கயிறு மணிக்கட்டுத் தண்டியில் செய்கிற வேலையை இது சுண்டுவிரல் தண்டியில் செய்யும். பலமாக இழுத்தால் பத்து அடிக்கு இரண்டு அடி வரை நீளும், விட்டால் பழைய நீளத்துக்கே வந்துவிடும். இந்தக் கடைசிக் குணத்தை நான் கொஞ்சம் அலங்காரம் செய்து, பத்து அடி வாங்கினால் இரண்டு அடி கொசுறு என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பின்பக்கம் பொடி எழுத்தில் இங்கிலீஷ். அது கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பேசி முடித்திருந்தார்கள். முடித்திருந்தார்கள் என்றால் முக்கால்வாசி. பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர், மேலத்தெரு கீழத்தெரு என்று இரண்டே தெரு. பெண் பெயர் கோமதி. அவள் அப்பா வேலுச்சாமி மேலத்தெரு. அவள் அம்மாவின் தம்பி, அதாவது தாய்மாமன், சுடலைமுத்து கீழத்தெரு. எங்களில் தாய்மாமன் வந்து தாம்பாளத்தில் கை வைக்காமல் பரிசம் போட முடியாது. இந்தத் தாய்மாமனோ ஒரு வருஷமாக அக்காள் வீட்டுப் படி ஏறவில்லை.

எல்லாம் ஒரு கயிற்றால்தான். அந்த ஊரில் காணும் பொங்கலன்று இரண்டு தெருவும் கயிறு இழுப்பார்கள். பொட்டலின் மேற்கே ஒரு வேப்பமரம், கிழக்கே ஒரு உடைமரம். நடுவில் கோடு. கோட்டைத் தாண்டினால் தோல்வி என்பதெல்லாம் மற்ற ஊர்களில். இங்கே கடைசியில் நிற்கிற ஆளின் முதுகுக்குப் பின்னால் எட்டடியில் அவரவர் மரம் இருக்கும். எந்தத் தெருவின் கடைசி ஆள் தன் மரத்தை முதலில் தொடுகிறானோ அந்தத் தெரு ஜெயித்தது. மேலத்தெருவுக்குக் கடைசி ஆள் என் வருங்கால மாமனார். கீழத்தெருவுக்கு சுடலைமுத்து. இரண்டு பேருமே நெல் மூட்டையை நிமிர்த்தி வைத்த மாதிரி இருப்பார்கள். போன வருஷம் இழுத்தபோது நார்க் கயிறு நடுவில் அறுந்துவிட்டது. நீங்கள்தான் கத்தி வைத்துக் கீறி வைத்தீர்கள் என்று இரண்டு தெருவும் சொன்னது. அத்தோடு பேச்சு நின்றது. "அடுத்த பொங்கலுக்கு இழுத்து ஒரு முடிவு தெரியட்டும், அப்புறம் வந்து தாம்பாளத்துல கை வைக்கேன்" என்று சொல்லியனுப்பிவிட்டார் சுடலைமுத்து.

மார்கழியில் மாமனார் மண்வெட்டி வாங்கக் கடைக்கு வந்தார். இந்த வருஷமும் கயிறு அறுந்தால் தன் மகள் கதி என்ன என்று முதலாளியிடம் சொல்லி வருத்தப்பட்டார். நான் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தேன். என்ன ஆனதோ தெரியவில்லை, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அறாத கயிறு இருக்கு மாமா" என்றேன். தொடர்ந்து நோட்டீஸ் முழுவதையும் ஒப்பித்தேன், கொசுறு உட்பட.

அவர் கயிற்றைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "பேசுவியா தம்பி நீ?" என்றார். பெண் பார்க்கப் போனபோது நான் ஒரு வார்த்தை பேசாததால் அந்த வீட்டில் அப்படி ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது.

பிறகு கட்டைவிரல் தண்டிச் சுருளைக் காட்டி, அதையே கொண்டுவா என்றார். இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. சுண்டுவிரல் தண்டியே போதும், இருபத்து நாலு பேர் இல்லை, நாற்பது பேர் இழுத்தாலும் அறாது என்று அடித்துச் சொன்னேன். சொன்னதில் தப்பில்லை. இன்று வரை அந்தக் கயிறு அறவில்லை.

காணும் பொங்கலன்று சாயங்காலம் சுருளைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். புது பாலியெஸ்டர் சட்டை போட்டிருந்தேன். அதுவும் நைலானுக்குப் பங்காளிதான், தண்ணீர் குடிக்காது. ஆகவே என் வேர்வை முழுவதும் சட்டைக்குள்ளேயே ஓடி இடுப்பில் தேங்கியது. பொட்டலில் இரண்டு ஊர் கூட்டம். பெண்கள் பக்கம் நீலத் தாவணியில் கோமதி நின்றாள். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை. (தாவணி நிறம் எப்படித் தெரியும் என்று கேட்காதீர்கள்.)

பக்கத்து ஊர் டிரில் வாத்தியார்தான் நடுவர். கயிற்றின் மத்தியில் ஒரு சிவப்புக் கைக்குட்டையைக் கட்டி, கோட்டுக்கு நேராக வைத்தார். மாமனார் வழக்கம்போல கயிற்று முனையை வேட்டிக்கு மேலே இடுப்பில் இரண்டு சுற்றுச் சுற்றி, நார்க் கயிற்றுக்குப் போடுகிற அதே முடிச்சைப் போட்டுக்கொண்டார். சுடலைமுத்து முனையைக் கையில் சுற்றிக்கொண்டு, "இது என்ன, கிடாரி கட்டுத கயிறு மாதிரி இருக்கு" என்றார், ஆகாயத்தைப் பார்த்து. பன்னிரண்டு பன்னிரண்டு பேராக நின்றார்கள். விசில் ஊதியது.

முதல் சில விநாடிகள் எனக்குச் சொர்க்கம். கயிறு விண்ணென்று விறைத்து, அருகில் போனால் ஒரு ரீங்காரம் கேட்டது. அறவில்லை. மேலத்தெரு ஒரு எட்டுப் பின்னால் வைத்தது. மேலத்தெருப் பெண்கள் குலவை போட்டார்கள். அதே நேரத்தில் கிழக்கேயும் குலவை கேட்டது. அவர்களும் ஒரு எட்டுப் பின்னால் போயிருந்தார்கள். இன்னொரு எட்டு. இந்தப் பக்கம் கைதட்டல், அந்தப் பக்கமும் கைதட்டல். அவரவர் தெருவைத்தான் அவரவர் பார்ப்பார்கள் அல்லவா? ஆகவே இரண்டு தெருவும் ஒரே நேரத்தில் ஜெயித்துக்கொண்டிருந்தது.

மாமனார் முதுகு வேப்பமரத்தில் மோதியது. திரும்பி மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "தொட்டாச்சு" என்றார். கிழக்கே சுடலைமுத்து உடைமரத்தில் சாய்ந்து (முள் மரம், பாவம்) "தொட்டாச்சு" என்றார். இரண்டு பக்கமும் வெடி வெடித்தது. வெடி ஓய்ந்ததும்தான் ஒரு தெருவின் சந்தோஷம் இன்னொரு தெருவின் காதில் விழுந்தது. எல்லோரும் கோட்டைப் பார்த்தார்கள். சிவப்புக் கைக்குட்டை வைத்த இடத்திலேயே இருந்தது. ஒரு விரற்கடைகூட நகரவில்லை.

வாத்தியார் விசிலை ஊதி, விடுங்கள் என்றார். யாரும் விடவில்லை. விட்டால் தோற்ற மாதிரி ஆகிவிடுமே.

"வாத்தியாரே, உடைமரத்துக்காரர விடச் சொல்லும், நான் விடுதேன்" என்றார் மாமனார். அவர்கள்தான் பேசிக்கொள்வதில்லையே.

"வேப்பமரத்துக்காரர்ட்ட சொல்லும், நான் மொதல்ல தொட்டேம்லா, அவருதான் விடணும்" என்றார் சுடலைமுத்து. இடையில் நூறடி இருந்தாலும் இரண்டு பேர் குரலும் அடுத்த ஊருக்குக் கேட்கும். வாத்தியார் அஞ்சல்காரர் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பித் திரும்பிக் களைத்துப்போனார். கடைசியில், "கயிறு கொண்டாந்தவரு யாரு? அவரே சொல்லட்டும்" என்று என்னைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கினார்.

நடந்து நடுக்கோட்டுக்குப் போனேன். இந்தப் பக்கம் பெண்ணின் அப்பா. அந்தப் பக்கம் தாய்மாமன். வேப்பமரம் என்று சொன்னால் பரிசத் தாம்பாளத்தில் கை வைக்க ஆள் இல்லை. உடைமரம் என்று சொன்னால் பரிசம் போடப் பெண்ணே இல்லை. வேர்வை சட்டையைத் தாண்டி வேட்டிக்கு இறங்கியது. அப்போது எனக்குப் பேசத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான்.

"இந்தக் கயிறு தண்ணீர் குடிக்காது" என்று ஆரம்பித்தேன்.

இருபத்து நாலு பேர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துப் பிடித்திருக்க, நான் மட்காது, கரையான் தொடாது என்று வரிசையாகச் சொன்னேன். விமானத்திலிருந்து குதிக்கிறவனையும் விடவில்லை. பத்து அடிக்கு இரண்டு அடி என்ற இடம் வந்தபோதுதான், வாயால் ஆயிரம் தடவை சொன்னதை முதல்முறையாகக் காதால் கேட்டேன்.

"நீளுமா?" என்றார் மாமனார்.

"ஆமா மாமா."

"இத இப்ப சொல்லுத."

"கடையிலயே சொன்னேன் மாமா. கொசுறுன்னு."

அவர் கொஞ்ச நேரம் மரத்தைக் கட்டிக்கொண்டே யோசித்தார். "சரி, விட்டா என்ன செய்யும்?"

"பழைய நீளத்துக்கு வந்துரும் மாமா."

"எப்படி வரும்? மெல்ல வருமா?"

"டக்குனு வரும்."

மாமனார் குனிந்து தன் இடுப்பைப் பார்த்தார். கயிறு இரண்டு சுற்றாக இறுகிக் கிடந்தது. நிமிர்ந்தபோது குரலே மாறியிருந்தது. "ஏலே, எவனும் விட்டுராதீங்கலே" என்றார். அதுவரை வீம்புக்குப் பிடித்துக்கொண்டிருந்த இருபத்து நாலு பேரும் அதற்குப் பிறகு பயத்தில் பிடித்துக்கொண்டார்கள்.

வாத்தியார் யோசனை சொன்னார். டிரில் மாதிரி, அவர் எண்ண எண்ண இரண்டு தெருவும் ஒவ்வொரு எட்டாக முன்னால் வர வேண்டும். ஒன்று. வந்தார்கள். மாமனார் மட்டும் மரத்தைக் கட்டிக்கொண்டே நின்றார். கயிறு கொஞ்சம் இளகியது. அடுத்த எட்டு வைத்திருந்தால் எல்லாம் சுகமாக முடிந்திருக்கும், எனக்கும் எழுத ஒன்றும் இருந்திருக்காது. ஆனால் மேலத்தெருவில் முதல் ஆளின் கை வேர்த்திருந்தது. நார்க் கயிறு என்றால் கையைக் கடித்துக்கொண்டு நிற்கும். நைலான் வேர்த்த கையில் எண்ணெய் தடவிய மாதிரி ஓடும், ஓடுகிற சூட்டில் தோலைப் பொசுக்கும். அவன் "யம்மா" என்று கையை உதறினான். அவனுக்குப் பின்னால் நின்றவன் கையில் கயிறு ஓடியது, அவனும் உதறினான். அப்படியே பதினோரு பேர். மொத்த இழுவையும் மாமனார் இடுப்பில் போய் நின்றது.

மாமனார் மரத்தை விடவில்லை. முடிச்சு விட்டுவிட்டது. கயிறு அவரைச் சுற்றி உருவிக்கொண்டு கிளம்பியது. சும்மா கிளம்பவில்லை, எட்டு முழ வேட்டியையும் கூட்டிக்கொண்டு கிளம்பியது. கீழத்தெரு பன்னிரண்டு பேரும் ஒருவர் மடியில் ஒருவராக உட்கார்ந்தார்கள். சுடலைமுத்து மறுபடியும் உடைமரத்துக்குள் போனார். கயிறு என்னைத் தாண்டிக் கிழக்கே பறந்தது. வேட்டி மட்டும் நடுக்கோட்டில் இறங்கிக்கொண்டது, என் தலையில்.

வேட்டியை விலக்கிப் பார்த்தேன். மேற்கே என் வருங்கால மாமனார், பச்சைக் கோடு போட்ட டிராயரில், வேப்பமரத்தைக் கட்டிப்பிடித்தபடி நின்றார். ஊரில் ஒரு சத்தம் இல்லை. பெண்கள் பக்கமிருந்து மட்டும் களுக்கென்று ஒரு சிரிப்பு. அது நான் இல்லை என்று கோமதி இன்று வரை சாதிக்கிறாள்.

என் கல்யாணம் முடிந்தது என்று நினைத்தேன். ஆரம்பிக்காமலே முடிந்தது என்ற அர்த்தத்தில். வேட்டியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும் என்றுகூடத் தோன்றவில்லை. கையில் வைத்துக்கொண்டு மடித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது சுடலைமுத்து எழுந்தார். தோள் துண்டை உதறிக்கொண்டு, அந்த நூறடியையும் நடந்து வேப்பமரத்துக்குப் போனார். துண்டை மாமனார் இடுப்பில் சுற்றி, "கெட்டும் அத்தான்" என்றார்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்த 'அத்தான்'. மாமனார் துண்டைக் கட்டிக்கொண்டு அவரைத் திருப்பி நிறுத்தி, "முதுகெல்லாம் முள்ளுலா நிக்கி, அசையாம இரு சுடலை" என்று ஒவ்வொன்றாகப் பிடுங்க ஆரம்பித்தார். பிடுங்கி முடித்ததும் இரண்டு பேரும் சேர்ந்தாற்போல என் பக்கம் திரும்பினார்கள்.

"இப்பவாவது சொல்லு தம்பி. யாரு ஜெயிச்சா?" என்றார் மாமனார்.

"ரெண்டு பேரும் மரத்தத் தொட்டுட்டீங்க மாமா. அதனால..." என்றேன். அதற்கு மேல் வரவில்லை.

சுடலைமுத்துவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏன் அத்தான், கழுத்துல கத்தி வச்சாலும் இவன் ஒரு பக்கமும் சாய மாட்டான் போலிருக்கே. நாளைக்கு நமக்குள்ள என்ன வந்தாலும் இவன் வீட்டுல ரெண்டு பேருக்கும் சோறு உண்டு. இவனையே முடிச்சிரும்" என்றார். பிறகு என்னிடம், "மாப்ளே, அந்த வேட்டிய மடிச்சது போதும், குடுத்துரும்" என்றார்.

தம்பியாக இருந்தவன் மாப்பிள்ளையானது அப்படித்தான். மறு வாரம் பரிசம். தாய்மாமன் தாம்பாளத்தில் கை வைத்தார். மேலத்தெருவில் பதினோரு பேர் உள்ளங்கை கொப்பளித்து, மஞ்சளும் எண்ணெயும் தடவிக்கொண்டு வந்திருந்தார்கள். பரிசச் சாப்பாட்டை அவர்கள் பெண்டாட்டிமார்தான் ஊட்டினார்கள். சாப்பாட்டைவிட எல்லோரும் அதைத்தான் பார்த்தார்கள். நோட்டீஸின் பின்பக்கத்தை டிரில் வாத்தியாரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். 'இந்தக் கயிறு வழுக்கும், சாதாரண முடிச்சு நிற்காது, கூடுதலாகச் சுற்றுப் போட்டு இறுக்கவும்' என்று இருந்ததாம். படித்துவிட்டு அவர் அதைப் பத்திரமாக என் பையிலேயே வைத்தார்.

கயிறு என்னவோ விற்றது. ஊரே பார்த்திருக்கிறதே, அறவில்லை என்று. இரண்டு தெருவும் கிணற்று வாளிக்கு அதைத்தான் வாங்கின. ஒரே நிபந்தனை, முடிச்சை நான் வந்து போட்டு, முனையைத் தீக்குச்சியால் உருக்கிக் கொடுக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் என் அம்மாவுக்கும் கோமதிக்கும் ஏதாவது வந்து, நடுவில் நான் மாட்டிக்கொண்டு, அம்மா சொன்னதும் சரி, இவள் சொன்னதும் சரி என்று இழுத்தால், கோமதி உள்ளே போய்க்கொண்டே, "ரெண்டு மரத்தையும் தொட்டாச்சு" என்பாள். இப்போது என் பிள்ளைகளும் சொல்கிறார்கள். காரணம் தெரியாத மருமகன்கூடச் சொல்கிறான்.

அந்தக் கயிறு எங்கள் வீட்டுப் பின்வாசலில் துணிக்கொடியாக இருக்கிறது. வெயிலில் மேல் இழை கொஞ்சம் பூத்திருக்கிறது, மற்றபடி மட்கவில்லை, கரையான் தொடவில்லை. மாமனார் வந்து தங்கும்போதெல்லாம் குளித்துவிட்டு வேட்டியை அவரே துவைப்பார். கொடி காலியாக இருந்தாலும், தள்ளிப் போய் வேலியில்தான் விரிப்பார். கொடியில் போடுங்களேன் அப்பா என்று கோமதி ஒவ்வொரு தடவையும் சொல்வாள், அவர் வாயால் கேட்பதற்காகவே.

"வேண்டாம்ட்டி" என்பார் அவர். "அதுக்கு என் வேட்டி ருசி தெரியும்."